92 லொறிகளில் போன நூதனசாலை

1945 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான புரொவிடன்ஸில் அமைந்துள்ள பிரவுண் பல்கலைக்கழகம், தன்னிடமிருந்த நூதனசாலையொன்றின் எஞ்சிய பொருட்களை லொறிகளில் ஏற்றிக் குப்பைமேட்டுக்கு அனுப்பியது. 92 லொறிச் சுமைகள் என்று கணக்கு இருக்கிறது. பாடம் செய்யப்பட்ட பறவைகள், விலங்குகள், எலும்புக்கூடுகள், சிப்பிகள், தாதுக்கற்கள், தூரதேசங்களிலிருந்து வந்த ஆயுதங்கள், ஆடைகள் என ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டு வகைபிரித்துச் சேர்த்தவை, வகை ஏதும் பாராமல் சீகொங்க் ஆற்றங்கரையில் கொட்டப்பட்டன. யாரும் தீ வைக்கவில்லை. எந்தப் படையும் உள்ளே நுழையவில்லை. அழிவு என்றால் தீயும் குண்டும் என்றே நினைத்துப் பழகிய நமக்கு, ஒழுங்காகக் கடமை செய்யும் உத்தியோகத்தர்களால் பட்டப்பகலில் நடத்தி முடிக்கப்பட்ட இந்த அமைதியான அழிவு சற்று விநோதமாகவே தோன்றும்.

இது நடந்து 69 ஆண்டுகளின் பின்னர், 2014 மே மாதத்தில், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் குழுவொன்று அந்த நூதனசாலையை மறுபடியும் காட்சிக்கு வைத்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இருந்த இடத்தில் அவர்கள் கைக்குக் கிடைத்தவை ஏறத்தாழ நூறு. இந்த நூறை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன். மாணவர்களின் உள்ளகப் பயிற்சி என்றவுடன் ஒளிப்பிரதி எடுப்பதும், கோப்புகளை அடுக்குவதும், பெரியவர்களுக்குத் தேநீர் கொண்டு வருவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. பத்திரிகை அலுவலகங்களிலும் நிலைமை வேறில்லை. ஆகவே, பயிற்சிக்கென வந்த இளைஞர்களிடம் ஒரு நிறுவனம் தன் பழைய குற்றத்தை ஒப்படைத்து, அதைக் காட்சியாக்கும்படி இடமும் கொடுத்த இச்சம்பவம் கவனத்துக்குரியது.

முதலில் அந்த நூதனசாலையை உருவாக்கிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோன் விப்பிள் பொட்டர் ஜெங்க்ஸ் 1819 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1838 இல் பிரவுணில் பட்டம் பெற்றார். பப்ரிஸ்ற் திருச்சபைப் போதகர். 1842 முதல் 1871 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், மிடில்பரோ என்னும் சிற்றூரில் பியர்ஸ் அக்கடமி என்ற பாடசாலையின் அதிபராக இருந்தார். அக்காலத்துக் கிறிஸ்தவக் கல்விமான்கள் பலரையும் போலவே அவருக்கும் இயற்கை என்பது கடவுள் எழுதிய மற்றொரு நூல். அந்த நூலின் பக்கங்களைப் பறவையாகவும் முட்டையாகவும் சிப்பியாகவும் சேகரிப்பது அவருக்கு வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்திருக்க வேண்டும்.

ஜெங்க்ஸின் பெயர் இன்று எவருக்காவது தெரிந்திருக்குமானால், அது ஆமை முட்டைகளால்தான். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் அப்போது புகழின் உச்சியில் இருந்தவர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த இயற்கை விஞ்ஞானி லூயி அகாஸி. அமெரிக்க ஆமைகளின் கருவளர்ச்சி பற்றிய பெருநூலொன்றை அவர் தயாரித்துக்கொண்டிருந்தார். வளர்ச்சியின் எல்லாப் படிநிலைகளும் அவரிடம் இருந்தன; ஆரம்ப நிலை மாத்திரம் இல்லை. அதைக் காண்பதற்கு, இட்டு மூன்று மணித்தியாலம் கடவாத முட்டைகள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர வேண்டும். பொஸ்டனுக்கு 35 மைல் அளவு தொலைவிலுள்ள ஒரு குளக்கரையிலிருந்து, மோட்டார் வாகனம் இல்லாத காலத்தில், இது இலேசான காரியமா? ஜெங்க்ஸ் பொறுப்பேற்றார். மே மாத நடுவிலிருந்து நாள்தோறும் விடியுமுன் எழுந்து போய்க் குளக்கரையில் காத்திருந்தார். பின்னர் பாடசாலைக்குப் போய் அதிபர் வேலையைப் பார்த்தார். ஜூன் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆமையொன்று கரையேறி முட்டையிட்டது. முட்டைகளை மணலோடு வாளியில் எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் விரைந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் அந்த வேளையில் பயணிகள் புகையிரதம் இல்லை. எதிர்ப்பட்ட சரக்குப் புகையிரதத்தில் தொற்றி ஏறிப் பொஸ்டனை அடைந்து, அங்கிருந்து வாடகை வண்டியில் கேம்பிரிட்ஜுக்குப் போய், எசமானை இவ்வேளையில் எழுப்ப முடியாது என்று மறுத்த பணிப்பெண்ணுடன் வாசலில் வாதாடி நின்றபோது, படுக்கையறையிலிருந்து அகாஸியே ஓடி வந்தாராம். காலக்கெடுவுக்குள் முட்டைகள் மேசையில் இருந்தன.

இக்கதையை ஜெங்க்ஸின் வாயால் கேட்டதாக எழுதியவர், பிரவுணில் அவரிடம் பயின்ற டல்லஸ் லோர் ஷார்ப். ஜெங்க்ஸ் இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1910 இல், 'அற்லாண்டிக்' சஞ்சிகையில் அது வெளிவந்தது. கிழவர் ஒருவர் தமது மாணவனுக்குச் சொன்ன கதை, அந்த மாணவன் நல்ல எழுத்தாளனாகவும் ஆனபின் எழுதப்பட்டால், எவ்வளவு உப்பும் புளியும் சேர்ந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். ஆனால் 1857 இல் வெளிவந்த அகாஸியின் நூல் முகவுரையில், உதவியவர்களின் நீண்ட பட்டியலில், மிடில்பரோவைச் சேர்ந்த ஜெங்க்ஸின் பெயர் உண்மையாகவே இருக்கிறது. ஆவணத்தில் உள்ளது ஒரு வரி. கதையில் உள்ளது ஒரு வாழ்க்கை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னர் வந்த மாணவர்களின் வேலை முழுவதும் அந்தத் தூரத்தில்தான் நடந்தது.

1871 இல் ஜெங்க்ஸ் பிரவுணுக்கு வந்து, றோட் ஐலண்ட் மண்டபம் என்று பெயர் பெற்ற, 1840 இல் கட்டப்பட்ட கட்டடத்தில் நூதனசாலையை நிறுவினார். நூதனசாலைக் காப்பாளர் என்ற பதவியோடு விவசாய விலங்கியல் பேராசிரியர் என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. அடுத்து வந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் சேகரிப்பதிலும், பழைய மாணவர்களிடமும் மிஷனரிமாரிடமும் பிரயாணிகளிடமும் கேட்டு வாங்குவதிலும், பாடம் செய்வதிலும், அதை இளைஞர்களுக்குக் கற்பிப்பதிலும் கழிந்தன. 1874 இல் புளோரிடாவுக்கு வேட்டைப் பயணம் போய் அதைப் பற்றியும் எழுதினார். ஆண்டுதோறும் பல்கலைக்கழகத் தலைவருக்கு அறிக்கை எழுதி, புதிதாக வந்தவை, இன்னும் தேவைப்படுபவை என்று கணக்குக் காட்டினார். 1894 செப்டெம்பர் 26 ஆந் திகதி, தமது நூதனசாலையின் வாசற்படிகளிலேயே விழுந்து இறந்தார். அவர் உழைப்பின் பயனாகிய இந்த நூதனசாலையே அவருக்கு நிலைத்த நினைவுச் சின்னமாக இருக்கும் என்ற கருத்தில் ஒரு வாசகத்தை அவரது நினைவாகப் பொறித்தார்கள். கல்லில் எழுதுபவர்கள் எதிர்காலத்தைப் பற்றி எழுதாதிருப்பது நல்லது.

அந்த நினைவுச் சின்னம் இருபத்தோராண்டு நிலைத்தது. விஞ்ஞானம் வேறு திசையில் திரும்பியிருந்தது. உயிரினங்களைச் சேகரித்து அடுக்கிப் பெயரிடும் காலம் போய், நுண்காட்டியும் வெட்டுமுகமும் அளவீடும் கொண்ட ஆய்வுகூடக் காலம் வந்தது. பிரவுணிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஹேர்மன் கேரி பம்பஸ் அங்கு 1884 இல் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராகத் திரும்பி வந்தவர். 1898 பெப்ரவரி முதலாந் திகதி புரொவிடன்ஸில் வீசிய பனிப்புயலில் விழுந்து கிடந்த 136 சிட்டுக்குருவிகள் அவரது ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 72 பிழைத்தன, 64 இறந்தன. பம்பஸ் ஒவ்வொன்றின் நீளம், எடை, சிறகின் விரிவு, எலும்புகளின் அளவு என்று அளந்து எண்களாக வெளியிட்டார். இயற்கைத் தேர்வு கண்முன் நிகழ்வதைக் காட்ட முனைந்த ஆரம்பகால முயற்சிகளுள் அது ஒன்று. அந்த எண்களை இன்றும் புள்ளிவிபரவியல் மாணவர்கள் பயிற்சிக் கணக்காகப் போடுகிறார்கள். பம்பஸ் அளந்த குருவிகள் எண்களாக உயிரோடிருக்கின்றன. ஜெங்க்ஸ் வைக்கோல் அடைத்து நிறுத்திய பறவைகளைப் பற்றி, வகுப்பறைக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் அடுத்த தலைமுறைப் பேராசிரியர்களின் எண்ணமாக இருந்தது. 1915 இல் நூதனசாலை கலைக்கப்பட்டது. பொருட்கள் பெட்டிகளில் முடங்கின. முப்பது ஆண்டுகளுக்குப் பின் லொறிகள் வந்தன.

பழையன கழிதல்தானே, இதில் என்ன பெரிய இழப்பு என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பதில் 1967 இல் பிரித்தானியாவிலிருந்து வந்தது. வல்லூறு இனப் பறவைகளின் முட்டைகள் கூட்டிலேயே நொருங்கிப் போவதைக் கண்ட டெறெக் றற்கிளிஃப் என்ற விஞ்ஞானி, பழைய சேகரிப்பாளர்கள் பெட்டிகளில் வைத்திருந்த முட்டை ஓடுகளை எடுத்து அளந்து பார்த்தார். 1947 அளவிலிருந்து ஓடுகள் திடீரென மெலிந்திருப்பது தெரிந்தது. டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அமெரிக்காவிலும் நூதனசாலை முட்டைகளைக் கொண்டு அடுத்த ஆண்டே இதை உறுதிசெய்தார்கள். 1972 இல் அங்கு டி.டி.ரி. தடைசெய்யப்பட்டதற்கு இந்த ஆய்வுகளும் காரணம். பொழுதுபோக்குக்காகவும் பக்திக்காகவும் சேர்க்கப்பட்டு, விஞ்ஞானத்துக்குப் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட முட்டைகள்தான் நஞ்சு வருமுன் இயற்கை எப்படியிருந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல வந்தன. ஜெங்க்ஸ் காலத்துச் சேகரிப்பாளர்கள் அப்படியொரு பயனைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். 1945 இல் லொறிக்குக் கட்டளையிட்டவர்களுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. எது பயன்படும் என்பது வீசுகிற நாளில் தெரிவதில்லை.

இனி மாணவர்களிடம் வருவோம்.

பிரவுணில் பொது மனிதப்பண்பியல் என்றொரு பட்டப்பின் கற்கைநெறி நடந்துவந்தது. நூதனசாலை, ஆவணக் காப்பகம், நினைவிடம் போன்றவற்றில் வேலைசெய்யப் போகிறவர்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். அதனை வழிநடத்திய ஸ்டீவன் லூபார், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்து அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் நீண்டகாலம் பணியாற்றிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அவரோடு சேர்ந்தவர் மார்க் டியோன் என்ற கலைஞர். நூதனசாலைகள் உலகை அடுக்கும் விதத்தையே கலைப்பொருளாக்குவது டியோனின் வழக்கம். 1999 இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் தொண்டர்களை இறக்கி, கிடைத்த ஓட்டுத் துண்டு, எலும்பு, போத்தல், பிளாஸ்ரிக் எல்லாவற்றையும் கழுவி வகைபிரித்துப் பெரிய மர அலுமாரியொன்றில் வைத்தவர் அவர். 2001 இல் மினசோற்றாப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பல துறைகளிலும் சிதறிக் கிடந்த பொருட்களைத் தெரிவுசெய்து விசித்திரப் பொருட் கூடமொன்றையும் அமைத்திருந்தார். குப்பையில் போன நூதனசாலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடியிருக்க முடியாது.

பிரவுண் மாணவர்களும், அதே நகரிலுள்ள றோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களும் ஒன்றுசேர்ந்து 'தொலைந்த நூதனசாலைகளுக்கான ஜெங்க்ஸ் சங்கம்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்விச் சங்கங்களின் பெயரைக் கேலியும் மரியாதையுமாகப் போலச் செய்த பெயர் அது. அதன்பின் நடந்தது செய்தியாளர் வேலைதான். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஜெங்க்ஸின் ஆண்டறிக்கைகளைப் படித்தார்கள். துறைகளின் அலுமாரிகளையும் வெளி நூதனசாலைகளின் களஞ்சியங்களையும் தேடி, லொறிக்குத் தப்பிய பொருட்களைக் கண்டுபிடித்தார்கள். காட்சிக்கு அவர்கள் தெரிந்தெடுத்த இடம், ஜெங்க்ஸ் விழுந்து இறந்த அதே றோட் ஐலண்ட் மண்டபம். அக்கட்டடம் 2009 முதல் தொல்லியல் நிறுவகமாக இருந்து வருகிறது. பண்டைய மக்களின் குப்பைமேடுகளைத் தோண்டி ஆராய்பவர்கள், தன் உள்ளடக்கம் முழுவதும் குப்பைமேட்டுக்குப் போன கட்டடத்தில் குடியிருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

காட்சி மூன்று பகுதிகளாக அமைந்தது. முதலாவது, ஜெங்க்ஸின் வேலை அறை. அவர் இப்போதுதான் எழுந்து வெளியே போனார் என்று எண்ணும்படி, பாடம் செய்யும் கருவிகளும் அரைகுறையாக முடிந்த விலங்குகளும் கடதாசிகளும் நிறைந்த அறை. பழைய படமொன்றைப் பார்த்து அமைத்த நகல் என்று அவர்கள் சொல்லவில்லை. இது கற்பனை என்று ஒப்புக்கொண்டே அமைத்தார்கள். இரண்டாவது பகுதி, என் அபிப்பிராயத்தில், முழுக் காட்சியினதும் உயிர். தொலைந்துபோன பொருட்களின் பெயர்களையும் குறிப்புகளையும் ஏறத்தாழ எண்பது கலைஞர்களிடம் கொடுத்து, அவற்றைச் செய்து தரும்படி கேட்டார்கள். செய்தவை நிறமற்றவையாக, வெண்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் ஒரு வரியாக எஞ்சியிருந்த பொருட்கள் ஆவிகளைப் போல வெள்ளை உருவங்களாக வந்து நின்றன. மூன்றாவது பகுதியில் உண்மையாக எஞ்சியவை இருந்தன. அவற்றை இனவாரியாகவோ நாட்டுவாரியாகவோ அடுக்காமல், எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்ற வரிசையில் வைத்தார்கள். நல்ல நிலையில் உள்ளதிலிருந்து தொடங்கி, என்னவென்றே சொல்ல முடியாத நிலைக்கு வந்தது வரை.

முப்பது ஆண்டுக்கு மேலாகச் செய்தி ஆசிரியபீடங்களில் இருந்தவன் என்ற முறையில், இந்த மூன்று பகுதிப் பிரிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கற்பனை ஓர் அறையில். ஆவணத்திலிருந்து ஊகித்தது இன்னோர் அறையில். கையில் உள்ள சான்று வேறோர் இடத்தில். ஒன்றை மற்றொன்றாகக் காட்டவில்லை. வெள்ளை நிறம் அதற்காகத்தான். அந்த எண்பது பொருட்களுக்கும் வண்ணம் தீட்டி இறகு ஒட்டியிருந்தால், பார்வையாளர் இன்னும் நன்றாக ரசித்திருப்பர். நூதனசாலை திரும்பி வந்துவிட்டது என்று திருப்தியோடு வீட்டுக்கும் போயிருப்பர். இழந்ததைப் பற்றி எழுதும்போது நமக்கு வருகிற முதல் ஆசை, அதை முழுமையாக்கிக் காட்டுவது. கேள்விப்பட்டதைக் கண்டதாகவும், கண்டதை ஆயிரமாகவும் எழுதும் பழக்கம் எங்கள் பத்திகளிலும் உண்டு. வாசகர்களும் அதை விரும்புகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட மாணவர்கள் பலர் அடங்கிய ஒரு குழு, அந்த ஆசையைக் கட்டுப்படுத்தி, தெரியாததை வெள்ளையாகவே விட்டது.

குறையொன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்சியின் மையத்தில் நின்றவர் ஜெங்க்ஸ். அவருடைய உழைப்பு, அவருடைய மரணம், அவருடைய மறதி. ஆனால் அந்த லொறிகளில் போனவை அவருடைய பறவைகள் மாத்திரமல்ல. தூரதேசத்து மக்கள் கையால் செய்த ஆயுதங்களும் ஆடைகளும் பாவனைப் பொருட்களும் அங்கு இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூதனசாலைப் பதிவேடுகளில் கொடுத்தவரின் பெயர் இருக்கும். கொண்டுவந்த கப்பற் தலைவனின் பெயரும் இருக்கும். செய்தவரின் பெயர் இருக்காது. கொலனித்துவத்துக்கு உட்பட்டிருந்த நாடுகளிலிருந்து இந்தக் கதையை வாசிக்கும் நாம், ஒரு பேராசிரியரின் நினைவுச் சின்னம் அழிந்ததற்காக இரங்கும் அதே வேளையில், பெயரற்ற அந்தக் கைவினைஞர்களையும் எண்ணாமல் இருக்க முடியாது. அவர்களுடைய பொருள் முதலில் ஊரிலிருந்து எடுக்கப்பட்டது, பின்னர் கண்ணாடிக்குள் 'விநோதம்' ஆக்கப்பட்டது, இறுதியில் குப்பையாக்கப்பட்டது. இதைக் கூர்மையாகச் சொல்லும் வழி இருந்தது. 1992 இல் பால்ரிமோர் நகரில் ஃபிறெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞர், மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் களஞ்சியத்திலிருந்து அடிமை விலங்குகளை எடுத்து, கனவான்கள் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே, 'உலோக வேலை' என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தார். அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தக் கடுமை புரொவிடன்ஸ் காட்சியில் சற்றுக் குறைவு. ஏக்கத்தின் அழகு அங்கு கூடுதலாக இருந்தது.

ஆனாலும் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். 1764 இல் நிறுவப்பட்ட பிரவுண் அந்த ஆண்டில் தனது 250 ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. விழாக் காலத்தில் நிறுவனங்கள் என்ன விரும்பும் என்பது நமக்குத் தெரியும். மலர் வெளியிடுவார்கள், நிறுவுநர் படத்துக்கு மாலை போடுவார்கள், வாழ்த்துச் செய்திகளால் நாற்பது பக்கம் நிரம்பும். அத்தகைய மலர்கள் பலவற்றுக்குப் பிழைதிருத்தியவன் நான். அவற்றில் எதிலும் 'எமது நிறுவனம் வீசியெறிந்தவை' என்றொரு அத்தியாயத்தைக் கண்டதில்லை. மாணவர்கள் விழா ஆண்டில் அந்த அத்தியாயத்தை எழுதினார்கள்; பல்கலைக்கழகம் அதற்குக் கட்டடமும் கொடுத்தது.

மாணவர் வகுப்புகள் காட்சி அமைப்பது அமெரிக்காவில் இப்போது அபூர்வமன்று. 2012 டிசெம்பரில் நியூயோர்க் பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் சாளரங்களில் குவாந்தனாமோ கடற்படைத் தளத்தைப் பற்றிய காட்சியொன்று திறக்கப்பட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட அத்திட்டத்தில், நாடெங்குமுள்ள பத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் வகுப்புகள் ஆளுக்கொரு பகுதியை ஆராய்ந்து எழுதின. 2002 இல் தொடங்கிய சிறைக்கூடத்தை மாத்திரம் காட்டாமல், 1903 ஆம் ஆண்டுக் குத்தகையையும், தொண்ணூறுகளில் அங்கு தடுத்துவைக்கப்பட்ட ஹெயிற்றி, கியூபா அகதிகளையும் ஒரே வரலாற்றில் கொண்டுவந்தார்கள். பின்னர் அக்காட்சி, அதை எழுதிய மாணவர்களின் ஊர்களுக்கே பயணம் செய்தது.

இத்தகைய வேலையில் மாணவன் கற்பதில் மிகக் கடினமானது, விளக்கச் சீட்டு எழுதுவது. பார்வையாளர் நின்றபடி வாசிப்பவர், கால் வலிக்கும், பின்னால் குழந்தை அழும். ஐம்பது, அறுபது சொற்களுக்கு மேல் போனால் வாசிக்க மாட்டார். இருபது பக்க ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய பல்கலைக்கழக மாணவனுக்கு இது தண்டனை போலிருக்கும். பொருளின் பெயர், அது ஏன் இங்கே இருக்கிறது, பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை மாத்திரம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்ட வேண்டும். உதவி ஆசிரியர்களுக்கு நான் கற்பித்ததும் ஏறக்குறைய இதுவே. ஸ்மித்சோனியனின் பழைய நிர்வாகி ஜோர்ஜ் பிரவுண் கூட், நூதனசாலையில் முதன்மையானது விளக்கச் சீட்டு, அதற்கு எடுத்துக்காட்டாகவே பொருள் வைக்கப்படுகிறது என்று சொல்லும் அளவுக்குப் போனார்.

லூபார் இந்த அனுபவத்தை முதுகெலும்பாகக் கொண்டு 2017 இல் 'இன்சைட் த லொஸ்ற் மியூசியம்' என்ற நூலை எழுதினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பொருட்களைச் சேர்ப்பது, காப்பது, காட்சிப்படுத்துவது, பயன்படுத்துவது என்ற ஒழுங்கில் நூதனசாலைக் கலை முழுவதையும் அவர் விளக்குகிறார். இடையிடையே ஜெங்க்ஸ் வந்துபோகிறார். இத்துறையில் ஆர்வமுள்ள எமது மாணவர்கள் தேடி வாசிக்கத்தக்க நூல்.

மேலே குறிப்பிட்ட கூட், 1870 இல் கனெற்றிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். அங்கும் ஒரு நூதனசாலை இருந்தது. ஜெங்க்ஸ் பிரவுணுக்கு வந்த அதே 1871 இல் ஜட் மண்டபத்தில் திறக்கப்பட்ட அதனை அமைப்பதில் இளைஞரான கூட்டுக்கும் பங்குண்டு. அதுவும் 1957 இல் மூடப்பட்டது. பொருட்கள் இடம் மாறி மாறி அலைந்தன, பல தொலைந்தன. ஆனால் எல்லாம் வீசப்படவில்லை. ஆமையோடு போன்ற கவசம் தாங்கிய, எப்போதோ அழிந்துபோன கிளிப்ரோடொன் என்ற பெரிய பாலூட்டி விலங்கின் சாந்து வார்ப்பு துண்டு துண்டாகப் பெட்டிகளுக்குள் கிடந்தது. அண்மையில் பேராசிரியர்களும் மாணவர்களும் அப்பெட்டிகளைத் திறந்து, துண்டுகளைத் துடைத்து, உடைந்தவற்றை ஒட்டி, வால் எது, ஓடு எது என்று பொருத்திப் பார்த்து, 2018 இல் விஞ்ஞானக் கட்டடத்தில் அதை நிறுத்தினார்கள். அதற்கு வெள்ளை உருவம் செய்யக் கலைஞர் எவரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.